வருகை எண்ணிக்கை கூடினால் சுற்றுலா வளர்ந்துவிட்டதா? ஏலகிரி அடிவாரத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

ஏலகிரி மலையடிவாரத்தில் வசிப்பதாகச் சொல்லி நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியை, நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். சுற்றுலாப் பயணிகளின் வருகை கூடிக்கொண்டே போகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வருகிறது; அதே சமயம் ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் தெருவில் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். இந்தச் சுற்றுலா நீடித்து நிற்கக்கூடியதா, ஊரின் வளத்தைக் கரைத்துவிடக்கூடியதா என்று அளந்து சொல்ல வழி உண்டா, அப்படி அளந்தால் மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் அதை வைத்து முடிவெடுக்குமா என்பது உங்கள் கேள்வி. அளக்க முடியும். ஆனால் எதை அளப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, அந்த அளவைப் பார்த்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். அந்த வரிசை மாறிப்போவதால்தான் நம் பகுதியைப் பற்றி எண்கள் நிறைய இருந்தும், அவற்றால் ஒரு குடம் தண்ணீருக்குக்கூட வழி பிறப்பதில்லை.

முப்பது ஆண்டுகளாக மாவட்ட அளவில் புள்ளிவிவரம் திரட்டும் வேலையில் இருந்தவன் நான். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனபோது வேலைக்குப் புதியவன். 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மீண்டும் மூன்றாகப் பிரிந்தபோது ஓய்வு பெறும் வயதில் இருந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018இல் ஏலகிரி வேலூர் மாவட்டத்தின் கணக்கில் இருந்தது. இப்போது திருப்பத்தூர் கணக்கில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளின் வேலூர் மாவட்ட எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர், எல்லைக்கோடு நகர்ந்ததை வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ படித்துவிடுவார். ஆகவே சுற்றுலாவை மாவட்டமாக அளக்காமல் இடமாக அளக்க வேண்டும். ஏலகிரிக்கு ஒரு கணக்கு, ஜவ்வாது மலைக்கு ஒரு கணக்கு, வேலூர் நகருக்கு ஒரு கணக்கு. மாவட்டங்கள் இன்னும் எத்தனை முறை பிரிந்தாலும் மலை அங்கேயேதான் இருக்கும். நீரியலிலும் காட்டியலிலும் எனக்குப் பயிற்சி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணுவதிலும் மாதிரிக் கணக்கெடுப்பிலும் உள்ள பழக்கத்தை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன்.

செய்தியில் வரும் எண் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுச் சுற்றுலா வருகை சுமார் 21.8 கோடி என்று ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி. அதாவது எண்ணப்படுவது தலைகள் இல்லை, வருகைகள். ஒரே குடும்பம் காலையில் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட்டு, மாலையில் வேலூர்க் கோட்டைக்கு வந்து, மறுநாள் ஏலகிரி ஏறினால், இடவாரியாக எண்ணிக் கூட்டும்போது மூன்று முறை கணக்கில் ஏறும். மாதந்தோறும் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர் ஆண்டில் பன்னிரண்டு வருகை ஆகிறார். இது தவறும் இல்லை, ஏமாற்றும் இல்லை. வருகையைக் குறிக்கும் எண் அப்படித்தான் இருக்கும். அதை ஆள்கணக்காக நினைத்துக்கொண்டு விடுதிக்கும் பேருந்துக்கும் திட்டம் போடுவதுதான் தவறு. இன்னொரு சங்கடமும் உண்டு. கோட்டை அகழியோரம் தினமும் காலையில் நடக்கும் சத்துவாச்சாரிக்காரர் சுற்றுலாப் பயணி ஆகமாட்டார். அவர் வழக்கமான வாழிடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் நுழைவுச்சீட்டு இல்லாத இடத்தில் அவரையும் கொல்கத்தாவிலிருந்து வந்தவரையும் பிரித்து எண்ண வாயிற்காவலரால் முடியாது. ஒரு மாவட்டத்தில், பெயர் வேண்டாம், வருகைப் பட்டியல் கேட்டு நான் போனபோது, சென்ற ஆண்டின் எண்ணோடு பத்து விழுக்காட்டைக் கூட்டி எழுதிய தாளை என்னிடம் கொடுத்தார்கள். எண்ணுவதற்கு ஆளும் இல்லை, எண்ணச் சொன்னவர் அதை வைத்து எதையும் முடிவு செய்ததும் இல்லை என்பதால் அந்த ஊழியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளில் இருந்த எண்ணை நான் பயன்படுத்தவும் இல்லை.

வேலூர் நகரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சுற்றுலா என்ற சொல்லே ஒரு பெரிய கூட்டத்தை மறைத்துவிடுகிறது. பன்னாட்டுப் புள்ளியியல் வரையறையின்படி, வழக்கமான வாழிடத்தை விட்டு ஓராண்டுக்கும் குறைவாக வேறோர் ஊருக்கு, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைத் தவிர வேறு எந்த நோக்கத்துக்காகப் போனாலும் அவர் வருகையாளர்தான். சிகிச்சைக்காக வருவதும் அதில் அடக்கம். 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எல்லாவற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் அதையொட்டிய சந்துகளிலும் உள்ள லாட்ஜுகளைப் பார்த்தவருக்குத் தெரியும்: வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை, மாடிப்படியோரம் காயும் துணிகள், சமைத்துக்கொள்ள அடுப்புள்ள அறை, அரிசியும் மீனும் வாங்கிவரும் உறவினர், கையில் ஸ்கேன் உறையோடு அடுத்த தேதிக்காகக் காத்திருக்கும் நோயாளி. ஏலகிரியில் சனிக்கிழமை தங்கி ஞாயிறு இறங்குகிறவர் ஓர் இரவு, இவர்கள் வாரக்கணக்கில். நகரத்தின் தண்ணீர், கழிவுநீர், குப்பை, வாடகை எல்லாவற்றின் மீதும் இவர்களுடைய தேவையே அதிகம் பதிகிறது. இவர்களை விட்டுவிட்டு வேலூரின் சுற்றுலாச் சுமையை அளந்தால் பாதிக் கிணற்றைத்தான் அளந்ததாகும். அதே சமயம் இவர்களையும் ஸ்ரீபுரம் வந்தவர்களையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால், நோயாளியின் கட்டாயத்தை ஊரின் கவர்ச்சி என்று எழுதிவிடுவோம். எனவே இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளம்பரத்துக்கான பணம் ஒரு வரியைப் பார்த்துப் போகட்டும். கழிவுநீர்க் குழாய்க்கும் மலிவான தங்குமிடத்துக்குமான பணம் மற்ற வரியைப் பார்த்துப் போகட்டும்.

இதற்கான பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு லாட்ஜிலும் தங்குவோர் பதிவேடு உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே வங்கதேசத்தவர் எத்தனை பேர், எத்தனை இரவு என்பது கணினியிலேயே இருக்கிறது. பெயர்களை நீக்கி மாதவாரியான கூட்டுத்தொகையை மட்டும் எடுத்தால் யாருடைய அந்தரங்கமும் கெடாது. ஜிஎஸ்டி கணக்கை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை வரிவிலக்கு இருந்தது. வேலூரின் பெரும்பாலான நோயாளிகள் தங்குவது அந்த வகை அறைகளில்தான். அந்தத் தேதிக்குப் பிறகு தங்கும் விடுதிகளின் வரி வருவாய் உயர்ந்திருந்தால் அதைச் சுற்றுலா வளர்ச்சி என்று காட்டக் கூடாது; ஆட்கள் அதே ஆட்கள், வரிவலைதான் விரிந்தது.

உலக அளவில் இதற்கென முறைகள் இருக்கின்றன என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2024இல் சுற்றுலாவின் நீடித்த தன்மையை அளப்பதற்கான ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் மூன்றையும் ஒரே இடத்தின் ஒரே காலத்தின் கணக்காக இணைத்துப் பார்ப்பது அதன் சாரம். பணம் எவ்வளவு வந்தது என்று எழுதும் அதே பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு போனது என்றும் எழுத வேண்டும். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கண்காணிப்பு மையங்களுக்கான வலையமைப்பு உள்ளூர் மக்களின் மனநிறைவு, வேலைவாய்ப்பு, பருவ ஏற்றத்தாழ்வு, நீர், கழிவுநீர், திடக்கழிவு, ஆற்றல் என்று பதினொரு பொருள்களைக் கட்டாயமாகப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 43 முதன்மைக் குறியீடுகள். இவை எல்லாம் யோசித்துச் செய்யப்பட்டவை, மதிக்கத்தக்கவை. ஆனால் ஒரு செயலரும் சில தூய்மைக் காவலர்களும் டேங்க் ஆபரேட்டர்களும் உள்ள ஊராட்சியிடம் 43 கட்டங்கள் உள்ள படிவத்தைக் கொடுத்தால் முதல் ஆண்டே அது கற்பனையால் நிரப்பப்படும். ஐந்தாறு அளவுகளை ஆண்டுக்கணக்கில் விடாமல், ஒரே முறையில் எடுப்பது அதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

ஏலகிரிக்கு நான் முதலில் வைப்பது தண்ணீர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. குடிநீர்த் திட்டங்களுக்கான ஒன்றிய அரசின் வழிகாட்டு அளவில் தங்கும் விடுதியின் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். 40 படுக்கைகள் உள்ள ஒரு விடுதி ஒரு சனிக்கிழமை நிரம்பினால் 7,200 லிட்டர். ஏறத்தாழ 130 ஊர்க்காரர்களுக்கான ஒரு நாள் நீர் அது. இது திட்டமிடுவதற்கான அளவுதான். உண்மையான செலவு விடுதிக்கு விடுதி மாறும், நீச்சல் குளமும் புல்வெளியும் இருந்தால் கூடும். உண்மையான செலவை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எத்தனை லாரி ஏறியது, ஒவ்வொன்றின் கொள்ளளவு என்ன, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின்மீட்டர் மாதம் எவ்வளவு ஓடியது, கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்ற நான்கும் போதும். இவை நான்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத எண்கள்.

அந்த நீர்மட்டம் சுற்றுலாவால்தான் இறங்கியதா என்பது சந்தேகத்துக்கு உரியது, அதில் அவசரப்படக் கூடாது. மழைக் குறைவு, விவசாயம், புதிய வீடுகள் எல்லாம் ஒரே கிணற்றைத்தான் இழுக்கின்றன. உங்கள் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்துதான் 2019 ஜூலையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன்கள், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், ஆக ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர். மேலே சொன்ன அளவில் அது ஏறத்தாழ 13,900 விடுதிப் படுக்கைகளின் ஒரு நாள் தேவை. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த கதையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் இந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்தவை. வேறொரு தொழில் செய்த கேட்டைச் சுற்றுலாவின் தலையில் ஏற்றினால் கணக்கும் கெடும், உங்கள் வாதமும் முதல் கூட்டத்திலேயே உடைக்கப்படும். சீசன் மாதங்களையும் மற்ற மாதங்களையும், விடுதிகள் நெருக்கமாக உள்ள பகுதிகளையும் விடுதியே இல்லாத பகுதிகளையும் மூன்று ஆண்டுகளாவது ஒப்பிட்ட பிறகே காரணத்தைப் பற்றிப் பேச முடியும்.

அடுத்தது பணம். அறை வாடகை 3,000 ரூபாய் என்றால் அது மலைக்கு வந்த வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அதில் மலையில் தங்குவது எவ்வளவு என்பதே கேள்வி. உரிமையாளர் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கலாம். காய்கறி வாணியம்பாடிச் சந்தையிலிருந்து ஏறலாம். சமையற்காரர் வேறு மாநிலத்தவராக இருக்கலாம். ஒரு விடுதிக்காரரிடம் ஒரு மாதத்துக் கொள்முதல் பில்களை வாங்கிப் பார்த்து, மலைவாசிக்குப் போன கூலி, மலையில் விளைந்த பலாவுக்கும் தேனுக்கும் போன விலை, ஊராட்சிக்குப் போன வரி என்று பிரித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் நடத்தும் பெரிய விடுதியைவிட, தன் வீட்டிலேயே இரண்டு அறை ஒதுக்கிச் சாப்பாடும் போடும் மலைக்குடும்பத்திடம் வரவில் அதிகப் பங்கு ஊரிலேயே தங்கும். இது பில்களைப் பார்த்தாலே தெரியும். சுற்றுலாவில் செலவாகும் ஒரு ரூபாய் மூன்று ரூபாயாகப் பெருகும் என்பது போன்ற கூற்றுகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு பகுதியில் எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் வாங்குகிறது என்ற அட்டவணை அந்தப் பகுதிக்கென்றே இல்லாமல் அப்படி ஒரு பெருக்கத்தைக் கணக்கிட முடியாது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2014–15இல் நடத்திய 72ஆவது சுற்றில் உள்நாட்டுச் சுற்றுலாச் செலவு பற்றிய விவரம் உண்டு. ஆனால் அந்த மாதிரி மாநில அளவிலான மதிப்பீட்டுக்காக அமைந்தது. அதைக் கிழித்து ஒரு மலைக்குரிய எண்ணை எடுக்க முயன்றால் பிழையின் அளவு எண்ணையே விழுங்கிவிடும்.

கூட்டத்தைச் சராசரியாக அளப்பதில் பயனில்லை, உச்ச நாளை அளக்க வேண்டும். இதை நான் கற்றது திருவண்ணாமலையில். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒரு பௌர்ணமி இரவு கையில் அமுக்கும் எண்ணியோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும், ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டுகிறவர்களை ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமுமாக எண்ணினோம். நள்ளிரவுக்கு முன்பான இரண்டு மணி நேரத்தில் கட்டை விரல் வலிக்கிற அளவுக்கு ஓட்டம். விடியற்காலையில் பத்து நிமிடமும் ஏறக்குறைய சும்மா இருந்தோம். ஆண்டு மொத்தத்தை 365ஆல் வகுத்துக் கழிப்பறை கட்டியவர் அந்த இரவைப் பார்த்திருக்க மாட்டார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் மே மாத ஞாயிறு ஒன்றிலும் ஆகஸ்ட் மாதச் செவ்வாய் ஒன்றிலும் இதே முறையில் வண்டிகளை எண்ணினால், எந்தப் பொருளாதார அறிக்கையும் காட்டாத வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கண்ணால் பார்த்து இத்தனை இலட்சம் என்று சொல்லப்படும் திருவிழாக் கூட்டக் கணக்குகளை ஓர் உத்தேசமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை தூய்மைக் காவலர் ஏற்றும் மூட்டைகளை எண்ணி, மாதம் ஒரு முறை பத்து மூட்டைகளை எடைபோட்டால் போதும். மக்களின் மனநிலையைக் கேட்பது அதைவிட நுட்பமானது. சுற்றுலா வளர வளர உள்ளூர்க்காரர்களின் வரவேற்பு மெல்லச் சலிப்பாகவும் எரிச்சலாகவும் மாறும் என்று 1975இல் டாக்ஸி என்ற ஆய்வாளர் சொன்னார். எல்லா ஊரிலும் அதே வரிசையில் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் கேட்காமல் எப்படித் தெரியும்? அதே அறுபது வீடுகளில், அதே ஐந்து கேள்விகளை, மே மாதம் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்; விடுதியில் வேலை கிடைத்த மகிழ்ச்சியை வீட்டு ஆண் சொல்வார், தண்ணீருக்கு நின்ற நேரத்தை அவர் சொல்லமாட்டார். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி ஊர்களில் கேட்கப் போனால், வனத்துக்கும் சாமை வயலுக்கும் போகும் வழியில் வண்டிகள் நிற்பதைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, அரசு இதை வைத்து முடிவெடுக்குமா என்பது. இத்தனை பேர்தான் இந்த மலை தாங்கும் என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்படி பலரும் கேட்கிறார்கள். அப்படி ஓர் எண் இயற்கையில் எழுதப்பட்டிருப்பதாக நான் நம்பவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. தாங்குதிறன் பற்றிய ஆய்வு முடியும் வரைக்குமான இடைக்கால எண்களாகவே அவை வந்தன; அப்படித்தான் அவற்றைப் படிக்க வேண்டும். அவற்றால் கிடைத்த பெரிய நன்மை, முதல் முறையாக யார், எப்போது, எத்தனை வண்டியில் ஏறுகிறார்கள் என்ற பதிவு உருவானது. நீலகிரியில் 2022இல் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தந்தார்கள். காட்டில் பாட்டில் குறைந்ததோடு, எத்தனை விற்று எத்தனை திரும்பியது என்ற அளவும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே கிடைத்தது. ஏலகிரிக்கும் அதே போல, எண்ணோடு முடிவையும் முன்கூட்டியே கட்டிவைக்கும்படி கேளுங்கள்: கண்காணிப்புக் கிணற்றின் மட்டம் இத்தனை அடிக்குக் கீழே போனால் புதிய விடுதிக்குக் கட்டட அனுமதி நிறுத்தப்படும், வார இறுதியில் வண்டி இத்தனையைத் தாண்டினால் அடிவாரத்தில் நிறுத்தி ஊராட்சி வேனில் ஏற்றப்படும். அந்த அடியும் எண்ணிக்கையும் எவ்வளவு என்பதை என்னைப் போன்ற கணக்கர் சொல்லக் கூடாது. ஊர் கூடிச் சொல்ல வேண்டும். புள்ளிவிவரம் அந்தப் பேச்சுக்கு அடிப்படை மட்டுமே.

அதற்கான இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் மே 1 சீசனின் நடுவிலும், நவம்பர் 1 மழைக்காலத்திலும் விழுகின்றன. ஜனவரியிலிருந்தே தொடங்குங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, தேதி, லாரி நடை, மீட்டர் எண், கிணற்று மட்டம் என்று நான்கு பத்திகள் போட்டுத் தாருங்கள். விடுபட்ட நாளை யூகித்து நிரப்பாமல் வெறுமையாக விடச் சொல்லுங்கள். முதல் ஆண்டின் எண்கள் எதையும் நிரூபிக்காது, அடுத்த ஆண்டுகளை ஒப்பிட ஒரு தொடக்கமாக மட்டுமே இருக்கும் என்று சபையிலேயே சொல்லிவிடுங்கள். மே 1 அன்று அந்த நோட்டின் ஏப்ரல் மாதப் பக்கங்களை வாசித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பதிவான தீர்மானத்தின் நகலை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.